ஹனோயில் ஒரு வேலை வாரம்: மூன்றாம் மாடி, பின்பக்க மேசை

ஞாயிறு

கொல்கத்தாவில் விமானம் மாறி இன்று மதியம் ஹனோய் வந்து சேர்ந்தேன். நொய் பாய் விமான நிலைய வாசலிலேயே 86ஆம் எண் பஸ் நிற்கிறது. டிக்கெட் 45,000 டாங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நூற்றைம்பது ரூபாய். செந்நிறமாக ஓடும் ஆற்றைத் தாண்டி, பழைய நகரத்தின் விளிம்பில் இறக்கிவிட்டது.

விடுப்பு எடுத்துக்கொண்டு வரவில்லை. சென்னை அலுவலகத்தின் வேலையையும் கூடவே எடுத்து வந்திருக்கிறேன். எந்த ஊரில் இருந்து வேலை பார்த்தாலும் சரி என்று நிறுவனம் சொன்னதும் நான் முதலில் பார்த்தது நேர வித்தியாசத்தைத்தான். வியட்நாம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் வேலை இங்கே பதினொரு மணிக்குத் தொடங்கும். அங்கே மாலை ஆறரைக்கு முடிவது இங்கே இரவு எட்டு மணிக்கு முடியும். விடிந்ததில் இருந்து பதினொரு மணிவரை ஊர் சுற்றலாம். ஐரோப்பாவுக்குப் போய், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கூட்டத்தில் உட்காரும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடு இங்கே இல்லை. 2023 ஆகஸ்டில் இருந்து மின்-விசாவை 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர் கட்டணம்.

விடுதி அறையில் மேசை இருக்கிறது. கெட்டிலும் இரண்டு கோப்பையும் வைத்தால் நிரம்பிவிடும் அளவு. ஆகவே நாளையில் இருந்து உட்கார்ந்து வேலை செய்யத் தகுந்த காபிக் கடைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கை தாங்கும் உயரத்தில் ஒரு மேசை, முதுகு சாயும் நாற்காலி, ப்ளக் பாயிண்ட், அறுந்துபோகாத இணையம், நடுப்பகலில் அரை மணி நேரம் நிம்மதியாகப் பேச ஓர் இடம். இவ்வளவுதான் கேட்கிறேன். கடைசியில் சொன்னதுதான் இந்த ஊரில் கடினம் என்று இப்போதே தெரிகிறது. சன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம் அறைக்குள் கொட்டுகிறது.

வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நம்முடைய மூன்று முனை ப்ளக் இங்கே நுழையாது. உருண்டையான இரண்டு முனை ப்ளக் பெரும்பாலும் பொருந்தும். மடிக்கணினி சார்ஜர் பெரும்பாலும் மூன்று முனையாக இருக்கும் என்பதால் அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

திங்கள்

காலை ஏழு மணிக்கே கிளம்பினேன். இந்த ஊரில் காபிக் கடைகள் அந்த நேரத்தில் பரபரப்பாக இருக்கின்றன. ஹனோய் வருகிற எல்லோரும் போகும் இடத்துக்கே நானும் முதலில் போனேன்: நுயென் ஹூ ஹுவான் தெரு, 39ஆம் எண், கஃபே ஜாங். இரண்டு கடைகளுக்கு நடுவே ஆள் நுழையும் சந்து. அதன் முடிவில் கடை.

1946இல் இதைத் தொடங்கிய நுயென் வான் ஜாங் அதற்கு முன் மெட்ரோபோல் ஹோட்டலின் மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் பாலுக்குத் தட்டுப்பாடு. முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்து, பால் இருக்க வேண்டிய இடத்தில் அதை ஊற்றினார். குடும்பத்தினர்தான் இன்றும் கடையை நடத்துகிறார்கள். சூடு ஆறாமல் இருக்கக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்திக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே இருப்பதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். கீழே போகப் போகக் கனத்த கசப்பு. முட்டை வாடை அடிக்குமோ என்ற பயம் முதல் கரண்டியிலேயே போய்விட்டது. இன்னொன்று சொல்லலாம் என்று நாக்கு சொன்னது, வயிறு வேண்டாம் என்றது.

அருமையான காபி, ஆனால் வேலைக்கான இடம் அல்ல. முழங்கால் உயரத்து முக்காலிகள். தோளோடு தோள் உரசும் கூட்டம். ஒருவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்தவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இங்கே மடிக்கணினியைத் திறந்து வைப்பது கடைக்கும் காத்திருப்பவர்களுக்கும் செய்யும் அநியாயம். பயணத் தளங்களில் ‘ஹனோயின் சிறந்த பத்து காபிக் கடைகள்’ என்று போடுகிறார்கள். நல்ல காபி கிடைக்கும் இடமும் நல்ல வேலை நடக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பட்டியல்களை நாளின் முதல் கோப்பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

அங்கிருந்து மேற்கே நடந்தேன். பழைய நகரத்தை முப்பத்தாறு தெரு என்பார்கள். வெள்ளி விற்ற தெரு, பட்டு விற்ற தெரு என்று தொழிலுக்கு ஒரு தெரு. வீடுகளின் முகப்பு மூன்று மீட்டர், நான்கு மீட்டர்தான் இருக்கும். உள்ளே போனால் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. முகப்பின் அகலத்தைப் பார்த்து வரி போட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்பதுதான் இங்கே பரவலாகச் சொல்லப்படும் காரணம். கடைத்தெருவில் ஆளுக்கு ஒரு வாசல் வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்திருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகார வீட்டை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வாசலில் நின்றால் ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு தாண்டிக் கொல்லைவரை கண் ஓடுமே, அதே வீட்டை நான்கு மாடி உயர்த்திவிட்டால் ஹனோய் வீடு. முற்றமும் உண்டு. வெளிச்சமும் காற்றும் மேலிருந்து அந்த வழியாகத்தான் இறங்குகின்றன.

வேலைக்கு இடம் தேடுகிறவருக்கு இந்த வீட்டமைப்பைப் புரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்தது. தரைத்தளம் தெருவுக்குச் சொந்தம்: மோட்டார் சைக்கிள், புகை, நடைபாதை முக்காலி, அரட்டை. முதல் மாடியின் முன்பக்கப் பால்கனி புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு. இரண்டாம் மாடியில் காதலர்கள். அதற்கும் மேலே ஏறி, தெருவுக்கு முதுகைக் காட்டி, முற்றத்தைப் பார்த்த பின்பக்க அறைக்குப் போனால் சத்தம் பாதியாகக் குறைகிறது. அங்கேதான் உள்ளூர் மாணவர்கள் புத்தகமும் கணினியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று பார்த்த எல்லாக் கடைகளிலும் இதே கதை. கீழே கல்லாவில் நின்று பார்த்துவிட்டு, கூட்டமாக இருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்கள் பலர். மேலே ஏறிப் பார்க்க வேண்டும். படிகள் செங்குத்தானவை, கைப்பிடி இல்லாத இடங்களும் உண்டு. சில கடைகளில் மேல்தளத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

ஹாங் பாக் தெருவை ஒட்டிய ஒரு கடையில் அப்படி ஒரு அறை கிடைத்தது. பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் சொர்க்கம். பன்னிரண்டு அடித்ததும் நிலைமை மாறியது. சென்னையில் பத்தரைக்கு நடக்கும் எங்கள் குழுக் கூட்டம் இங்கே சரியாக நண்பகல். இந்த ஊரில் அலுவலகங்களுக்குப் பதினொன்றரையில் இருந்து ஒன்றரைவரை மதிய இடைவேளை. சாப்பிட்டுவிட்டுக் காபிக் கடைக்கு வந்து பேசுகிறார்கள், பலர் நாற்காலியிலேயே சாய்ந்து ஒரு தூக்கம் போடுகிறார்கள். நான் பேச வேண்டிய நேரத்தில் கீழே சமையலறையில் பழச்சாறு அடிக்கும் சத்தம் முற்றத்தின் வழியே நேராக மேலேறி வந்தது.

“அக்கா, பின்னால் மிக்ஸி ஓடுகிறதா?” என்று கேட்டார் குழுவில் இளையவரான தம்பி. ஓடியது. இரண்டடி தள்ளி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததால் என் குரலையும் உயர்த்த முடியவில்லை. சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்பினேன்.

எழுதும் வேலைக்கு ஓர் இடம், பேசும் வேலைக்கு வேறு இடம். ஒரே கடையில் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது.

செவ்வாய்

இன்றைய நாள் முழுக்க இணையத்தோடு போனது.

வைஃபை இல்லாத காபிக் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. கடவுச்சொல் பில்லிலோ சுவரிலோ இருக்கிறது. வேகச் சோதனை செய்தால் எண்கள் வாயைப் பிளக்க வைக்கின்றன. ஆனால் அலுவலக சர்வரில் இருந்து ஒரு ஃபைலை இறக்கினால் நத்தை வேகம். காலையில் கடை மாற்றினேன், அங்கேயும் அப்படியே. குறை கடையில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வேகச் சோதனைத் தளம் தானாகவே அருகில் உள்ள சர்வரைப் பிடித்துக்கொள்கிறது, அதாவது ஹனோயில் இருக்கும் ஒன்றை. கடைக்கும் அந்த சர்வருக்கும் நடுவே கண்ணாடி இழைக் கம்பி மட்டும்தான். சென்னைக்குப் போகும் தரவோ கடலைக் கடக்க வேண்டும்.

வியட்நாமை வெளியுலகத்தோடு இணைப்பவை சில கடலடிக் கேபிள்கள். கப்பல் நங்கூரம், நில அதிர்வு, சாதாரணத் தேய்மானம் என்று ஏதாவது ஒன்றில் அவை அடிக்கடி பழுதாகும். 2023 தொடக்கத்தில் அப்போது இருந்த ஐந்து கேபிள்களும் ஒரே காலத்தில் பழுதுபட்டிருந்தன. பழுதுபார்க்கும் கப்பல் நடுக்கடலுக்கு வந்து கேபிளைத் தூக்கி ஒட்டவைக்க வாரக்கணக்காகும். அதுவரை உள்நாட்டுத் தளங்கள் பறக்கும், வெளிநாட்டுத் தளங்கள் தவழும்.

ஆகவே, இங்கே ஒரு கடையின் இணையத்தை மதிப்பிட வேண்டுமானால் சோதனையில் சர்வரை நீங்களே மாற்றிச் சென்னையையோ மும்பையையோ தேர்ந்தெடுங்கள். பதிவிறக்க வேகத்தைவிட மறுமொழி நேரத்தையும் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். காணொளிக் கூட்டத்துக்கு நான்கைந்து எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) நிலையாக இருந்தாலே போதும். நூறு எம்பிபிஎஸ் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தடுமாறும் இணைப்பு உதவாது. கைபேசி இணையத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடையின் இணைப்பு ஒரு நிறுவனத்துடையதாகவும் சிம் வேறு நிறுவனத்துடையதாகவும் இருந்தால், ஒரு பாதை அடைபட்டாலும் மற்றது திறந்திருக்க வாய்ப்பு உண்டு. நான் வியட்டெல் சிம் வைத்திருக்கிறேன். இன்று நண்பகல் கூட்டத்தை அதை வைத்தே ஒப்பேற்றினேன், ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து.

மதியத்துக்குப் பிறகு, ஒரே பெயரில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு சங்கிலிக் கடைக்குப் போனேன். விசாலமான இடம், ஏசி, சுவர் நெடுக ப்ளக் பாயிண்ட். ஆனால் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கு நடுவே ஒரு பத்தியைக்கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. சங்கிலிக் கடைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்துக்கு உதவும். வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

புதன்

காலையில் புனித யோசேப்பு பேராலயத்தின் பக்கம் போனேன். 1886இல் கட்டி முடித்த கருஞ்சாம்பல் நிறக் கோபுரங்கள். அதற்குப் பக்கத்தில் சான் காம் என்ற சின்னத் தெரு, 8ஆம் எண்ணில் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகை. படியேறினால் லோடிங் டி என்ற கடை. தரையில் பூவேலை ஓடுகள், ஆளுயரச் சன்னல்கள், லவங்கப்பட்டை வாசம். காபியிலும் லவங்கப்பட்டை போடுகிறார்கள். ஒன்பது மணிக்கு முன்னால் கூட்டம் இல்லை. மேசைகள் சிறியவை என்பதால் கணினியைத் திறக்கவில்லை. சரிபார்க்க வேண்டிய வடிவமைப்பு ஆவணத்தை அச்செடுத்து வைத்திருந்தேன்; பேனாவோடு அதை முழுக்கப் படித்து முடித்தேன். திரையில் மூன்று முறை படித்தும் கண்ணில் படாத ஓர் ஓட்டை தாளில் பட்டது.

சாதாரணமான கறுப்புக் காபியை ஃபின் என்ற சிறு அலுமினிய வடிகட்டியில் தருகிறார்கள். அது கண்ணாடி டம்ளரின் தலையில் உட்கார்ந்துகொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நான்கைந்து நிமிடம் ஆகும். நம் வீட்டு பில்டரில் இரவே பொடி போட்டு டிகாக்‌ஷனை இறக்கி வைத்துவிடுவோம். இங்கே அந்தக் காத்திருப்பை வாடிக்கையாளரின் மேசைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அடியில் கண்டென்ஸ்டு மில்க் இருந்தால் கலக்கிக் குடிக்கலாம். பசும்பால் அரிதாக இருந்த நாட்டில் டப்பாப் பாலில் பழகிய நாக்கு அதையே விரும்பத் தொடங்கிவிட்டது.

காபிச் செடியை 1857 வாக்கில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கொண்டுவந்தார்கள். 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் நடு மேட்டுநிலத்தில், புவோன் மா துவோட் சுற்றுவட்டாரத்தில், சாகுபடி பெருகியது. இன்று உலகில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு, ரொபஸ்டா என்ற கசப்பு மிகுந்த காபி வகையில் முதலிடம். நம் நாட்டிலும் விளைவதில் பெரும்பங்கு ரொபஸ்டாதான் என்றாலும் சிக்கரியும் பாலும் சேர்ந்து அதன் முரட்டுத்தனத்தை அடக்கிவிடுகின்றன. இங்கே அது முழு வேகத்தில் வருகிறது. ரொபஸ்டாவில் காஃபின், அராபிகா என்ற மென்மையான வகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நாள் முழுக்கக் காபிக் கடையில் உட்காரப் போகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கு மேல் போனால் விரல் நடுங்கும், இரவு தூக்கம் போகும். நான் காலையில் ஒன்று, வேலை தொடங்கும்போது ஒன்று என்று நிறுத்திக்கொள்கிறேன். அதன்பிறகு எலுமிச்சைச் சாறு, இஞ்சித் தேநீர், தயிரில் சிறிது காபி ஊற்றிய குளிர்பானம். வடமேற்கே சோன் லா மலைகளில் அராபிகா விளைகிறது. அதைத் தேடிப் பிடித்து வைத்திருக்கும் புதிய கடைகளில் சற்று மென்மையான கோப்பை கிடைக்கும், விலையும் கூடுதல்.

விலையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். தெருவோரத்தில் 25,000 டாங்குக்கும் காபி உண்டு. அலங்காரமான கடைகளில் 50,000, 60,000 ஆகும். நம் கணக்கில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதை வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாலும் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. காபி தீர்ந்தபின் குளிர்ந்த தேநீரை இலவசமாகக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். மணிக்கணக்காக உட்காருவது இந்த ஊர்க்காரர்களின் வழக்கம். கடைக்காரர் அதைச் சகித்துக்கொள்வதாகவே தெரியவில்லை, இயல்பாக எடுத்துக்கொள்கிறார்.

அதனால்தான் கணக்குப் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் வருகிறது. உள்ளூர்க்காரர் நண்பர்களோடு வருகிறார், நான்கு பேர் நான்கு கோப்பை வாங்குகிறார்கள். நான் ஒற்றை ஆளாக நான்கு பேர் மேசையைப் பிடித்து, மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பையோடு மாலைவரை இருந்தால் அது அவர்கள் வழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வது. குடும்பமாக நடத்தும் கடைகளில் மொத்தமே இருபது நாற்காலிதான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது வாங்குவது, இருவர் மேசையில் மட்டும் உட்காருவது, கூட்டம் சேர்ந்தால் எழுந்து இடம் கொடுப்பது. மூன்றையும் விடாமல் செய்கிறேன். தொலைவில் இருந்து வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் வந்து குவிந்த ஊர்களில், வார இறுதியில் மடிக்கணினிக்குத் தடை என்று பலகை தொங்கத் தொடங்கிவிட்டது. ஹனோய்க் கடைகள் அந்த நிலைக்கு வர நான் ஒரு காரணமாக இருக்க விரும்பவில்லை.

மாலையில் ட்ரியு வியட் வூவோங் தெரு வழியாகத் திரும்பினேன். தெருவின் இரு பக்கமும் காபிக் கடைகள்தான். காங் கா ஃபே 2007இல் இங்கேதான் தொடங்கியது. ராணுவப் பச்சை நிறச் சுவர், அரசு பொருட்களை அளந்து தந்த பங்கீட்டுக் காலத்துப் பாத்திரங்கள், தேங்காய்ப்பாலை உறையவைத்து அரைத்துக் காபியில் போட்டுத் தரும் கோப்பை. வெயிலில் நடந்து வந்தவருக்கு அது தேவாமிர்தம்.

வியாழன்

பேசும் வேலைக்கான இடம் கிடைத்துவிட்டது. பழைய நகரத்தை விட்டு வடக்கே போக வேண்டியிருந்தது.

காலை எட்டு மணிக்கு ட்ரூக் பாக் ஏரிக்கரையில் நடந்தேன். 1967இல், வியட்நாம் போரின்போது, அமெரிக்க விமானி ஜான் மெக்கெயின் (பின்னாளில் அமெரிக்க செனட்டர்) விழுந்து பிடிபட்ட ஏரி. கரையில் ஒரு நினைவுக் கல் நிற்கிறது. இந்தச் சிறு ஏரிக்கும் தே ஹோ என்ற பெரிய ஏரிக்கும் நடுவே ஒரு சாலை. அதில் இருந்து நீருக்குள் நீளும் திட்டில் ட்ரான் குவோக் பௌத்தக் கோயில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் தோன்றிய கோயில். முற்றத்தில் ஒரு போதி மரம்: 1959இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இங்கே வந்தபோது கொடுத்த கன்று. இன்று அதன் நிழலில் பத்துப் பதினைந்து பேர் நிற்கலாம். ஊர்ப் பாட்டிமார்கள் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள்.

தே ஹோ கரையில் வெளிநாட்டினர் அதிகம் வசிக்கிறார்கள். பழைய நகரத்தின் ஒடுங்கி நீண்ட குழாய் வீடுகள் இங்கே இல்லை. தோட்டம் வைத்த வீடுகள், அவற்றின் உள்ளே காபிக் கடைகள். மேசைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது, அவர்கள் பேசுவது நமக்கும் கேட்காது. சந்துக்குள் தள்ளியிருப்பதால் ஹாரனும் இல்லை. விலை பழைய நகரத்தைவிடக் கூடுதல்தான். தோட்டத்தின் கோடியில், மாமரத்தடி மேசையில் இருந்து நண்பகல் கூட்டத்தில் பேசினேன். சென்னை சர்வரோடு காலையிலேயே சோதித்துப் பார்த்திருந்ததால் இணைப்பும் ஒருமுறைகூட அறுபடவில்லை.

“இன்று மிக்ஸி இல்லையே அக்கா” என்றார் அதே தம்பி.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது: சிகரெட். இங்கே பல கடைகளில் உள்ளேயே புகைக்கிறார்கள். முதலில் நுழைந்த கடையில் பத்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை இருக்கிறதா, அங்கே புகைக்கலாமா என்று கல்லாவிலேயே கேட்டுவிட வேண்டும். தோட்டமாக இருந்தால் காற்று வரும் திசையைப் பார்த்து உட்கார வேண்டும். எனக்கு இது இணையத்தைவிட முக்கியம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா என்ற கேள்விக்கு: கிடைக்கும். சாய் என்று பலகையில் எழுதியிருக்கும் கடைகள் முழுச் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே பலர் சைவம் சாப்பிடுவதால் இந்தக் கடைகள் சுற்றுலாவுக்காக வந்தவை அல்ல, ஊருக்குச் சொந்தமானவை. மற்ற கடைகளில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். கேட்காமல் வாங்க வேண்டாம். மதியம் சோறு, டோஃபு, தாமரைத் தண்டுப் பொரியல் சாப்பிட்டேன்.

இரவு எட்டு மணிக்குக் கணினியை மூடிவிட்டு ஏரிச் சாலையில் நடந்தபோது ஏழிலைப்பாலைப் பூவின் வாசம் மூக்கைத் துளைத்தது. இலையுதிர் காலத்து ஹனோய்க்கு அந்த மரம்தான் அடையாளம். தெருவெல்லாம் நட்டிருக்கிறார்கள். தூரத்தில் இருந்து வந்தால் இனிமை. மரத்தடி மேசையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தலைவலி. அக்டோபரில் வருகிறவர்கள் மாலை வேலைக்கு வெளி மேசை பிடிக்கும் முன் மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி

இந்த வார வேலையில் மிகவும் கவனம் கேட்டதை இன்றைக்கு என்று வைத்திருந்தேன்: புதிய பதிப்பு வெளியாகும் முன் எழுத வேண்டிய விளக்க ஆவணம். காலையில் நுயென் குவாங் பிக் தெருவில் உள்ள ட்ராங்க்வில் புக்ஸ் அண்ட் காஃபிக்குப் போனேன். புத்தக அலமாரிகள், மஞ்சள் விளக்கு, தாழ்ந்த குரல்கள். வருகிறவர்கள் படிக்கவும் எழுதவும்தான் வருகிறார்கள் என்பதால் யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. கூட்டத்தில் பேச இது இடமே அல்ல. அதை நான் முயலவும் இல்லை. பதினொரு மணிக்குள் ஆவணத்தின் பாதி முடிந்தது.

நண்பகல் கூட்டத்தை முடித்துக்கொண்டு, மதியத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனேன். சோவியத் பாணியில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய தொகுப்பு வீடுகள் இந்த நகரத்தில் ஏராளம். நான்கைந்து மாடிக் கட்டடங்கள். சன்னல்களுக்கு வெளியே இரும்புக் கூண்டு போட்டு ஆளாளுக்கு ஓர் அடி, இரண்டு அடி அறையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூண்டுகளில் துணி காய்கிறது, செடி வளர்கிறது. இப்படிப்பட்ட கட்டடங்களின் மேல்தளங்களில் இளைஞர்கள் காபிக் கடை நடத்துகிறார்கள். கீழே சின்னப் பலகை மட்டும் இருக்கும். பொதுப் படிக்கட்டில் ஏறும்போது இரு பக்கமும் திறந்த கதவுகள், தொலைக்காட்சிச் சத்தம், பூண்டு வதங்கும் வாசம், வாசலில் வரிசையாகச் செருப்புகள். மூன்றாம் மாடியில் ஒரு கதவைத் திறந்தால் யாரோ ஒருவரின் வரவேற்பறையாக இருந்த இடம் கடையாக இருக்கிறது. ஆறே மேசை. கனத்த சுவர், தெரு தெரியாத சன்னல், தலைக்கு மேலே மின்விசிறி.

இந்த வாரம் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடையை நடத்தும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கைபேசியில் மொழிபெயர்த்துக்கொண்டு பேசினோம். பக்கத்து வீட்டுத் தாத்தா மதியம் தூங்குவார், இரண்டரைவரை பாட்டு போடுவதில்லை என்றார். கூட்டத்துக்குப் போனில் பேச வேண்டுமானால் படிக்கட்டுத் தளத்தில் நின்று பேசலாமா என்று கேட்டேன். அது குடியிருப்பவர்களின் இடம், வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டார். சரியான பதில். ஒரு குடியிருப்புக்குள் கடை வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தை இப்படிக் காத்தால்தான் கடையும் நிலைக்கும், எழுதுகிறவருக்கு அந்த அமைதியும் கிடைக்கும். இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் இடையில் எலுமிச்சைச் சாறும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு ஏழு மணிவரை அசையவில்லை. ஆவணம் முடிந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆறு மேசைக்கு ஊர் திரண்டு போனால் தாத்தாவின் தூக்கம் போய்விடும். ஆனால் இப்படிப்பட்ட கடைகள் நகரம் முழுக்க இருக்கின்றன. பழைய குடியிருப்புகளின் படிக்கட்டு வாசலில் காபிப் பலகை தெரிந்தால் தயங்காமல் ஏறிப் பாருங்கள்.

மீதி இருந்த ஒரு மணி நேர வேலையை ஹோன் கியெம் ஏரிக்கு அருகே முடிக்க நினைத்து, டின் தியன் ஹோவாங் தெருவில் 13ஆம் எண்ணில் இருக்கும் கஃபே டின்னுக்கு வந்தேன். பைகள் விற்கும் கடைக்கு நடுவே நுழைந்து இருட்டான படியில் ஏற வேண்டும். முட்டைக் காபியைக் கண்டுபிடித்தவரின் மகள் தொடங்கிய கடை. மேலே சின்ன பால்கனி, எதிரே ஏரி. மேசைகள் இங்கேயும் தாழ்வுதான் என்பதால் கணினி வேலைக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதக் கைபேசியே போதுமாக இருந்தது. வெள்ளி இரவு ஏழு மணியில் இருந்து ஞாயிறு இரவுவரை ஏரியைச் சுற்றிய தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். 2016இல் இருந்து இந்த ஏற்பாடு. வாரம் முழுக்கக் காதில் அறைந்த ஹாரன் ஓய்ந்து, குழந்தைகள் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை நாளிலும் இந்த அமைதி இருந்தால் பழைய நகரத்தில் பேசும் வேலைக்கும் இடம் கிடைத்துவிடும்.

சனி, ஞாயிறுகளில் கடைகளை உள்ளூர் மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நாளை இரவு, நடு வியட்நாமின் கடற்கரை நகரமான டா நாங்குக்கு ரயில். பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் மலையும் சுரங்கப் பாதையும் உண்டு. இணையத்தை நம்ப முடியாது. வேண்டிய கோப்புகளை எல்லாம் விடுதி வைஃபையில் இப்போதே இறக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை நண்பகல் கூட்டத்துக்கு டா நாங்கில் ஓர் அமைதியான மேசை தெரிந்தவர்கள் எழுதுங்கள். புகை இல்லாத இடமாக இருந்தால் மிகவும் நல்லது.